நாலு விரல் பின்னால்

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. படுக்கையறைக் கதவில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டை ஏறிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் நடக்கக் கூடாது. சமையலறை வாசலில் ஸ்டாண்டு நிற்கும், அதன் மேல் கேமரா உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நடைவழிதான் வீட்டிலேயே நீளமான இடம், பதினான்கு அடி. இரண்டாவது மாடி, பலகைத் தரை. ஒருவர் கால் மாற்றி நின்றால்கூட ஸ்டாண்டு ஆடும். ஆகவே சோறு பொங்கினால் பொங்கட்டும், கதவைத் தட்டுகிறவர் தட்டட்டும், குளிக்கப் போனவர் உள்ளேயே இருக்கட்டும். மகள் ஒருமுறை வாயில் பற்பசை நுரையோடு கால் மணி நேரம் நின்றிருக்கிறாள். கீழே தெருவில் பஸ் போனால் மட்டும் அந்தப் படத்தை அழித்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். பஸ்ஸுக்குச் சட்டம் போட முடியாதே.

சட்டம் போட்டவள் அந்த வீட்டுக்காரி. தெருவில் அவளுக்கு லென்ஸக்கா என்று பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்த போட்டோக்காரர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், காரியம் ஆக வேண்டுமே. கேமரா தானே தூரத்தைக் கணக்குப் போட்டு முகத்தைத் தெளிவாக்குகிற காலம் வந்ததிலிருந்து அவளுக்கு வேலைக்குக் குறைவில்லை. ஏனென்றால் அந்தக் கணக்கு சில சமயம் மயிரிழை தப்பும். "அக்கா, மூக்கைப் பாத்துத்தான் அழுத்துறேன், காதைப் பிடிக்குது" என்று வந்து நிற்பார்கள். அவள் அட்டைக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோலைச் சாய்வாக வைத்துப் பத்துப் படம் எடுப்பாள். அளவுகோலில் எந்தக் கோடு தெளிவாக விழுந்திருக்கிறது, அட்டைக்கு முன்னாலா பின்னாலா என்று பார்ப்பாள். பிறகு லென்ஸை ஒரு ஒயரால் கம்ப்யூட்டரோடு இணைத்து, அதற்குள் இருக்கும் சிப்பில் ஓர் எண்ணை எழுதுவாள். கூட்டல் என்றால் பின்னால் தள்ளும், கழித்தல் என்றால் முன்னால் இழுக்கும். மறுபடி பத்துப் படம். அவள் கை பட்ட லென்ஸ் சொன்ன இடத்தில் நிற்கும் என்று பெயர். பெயர் வாங்கியவளுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

அப்படிப்பட்டவள் சொந்த வீட்டு லென்ஸ்கள் ஐந்திலும் ஒரு தப்பான எண்ணை எழுதி வைத்திருந்தாள். கூட்டல் பன்னிரண்டு. அவளைத் தவிர ஒரு ஈ எறும்புக்கும் தெரியாது.

நடந்தது இதுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு சீசன். அவள் வீட்டுக்காரர் போட்டோ எடுப்பவர். காலையில் ஒரு விசேஷம், சாயங்காலம் ஒரு விசேஷம் என்று இருபது நாள் நிற்காமல் ஓடினார். ஒருநாள் வந்து, "இந்த லென்ஸெல்லாம் ஏதோ முன்னாடி பிடிக்குது, என்னன்னு பாரு" என்று அவள் மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். அப்போது மூன்று லென்ஸ். மூன்றும் ஒரே அளவு முன்னால் பிடித்தன. மூன்றும் கூடிப் பேசிக்கொண்டு ஒரே நாளில் கெடுமா என்று அவள் கேமராவைத் திருப்பிப் பார்த்தாள். கீழ் மூலை நசுங்கியிருந்தது. நசுங்கிய இடத்தில் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் பச்சைத் தரை உள்ள மண்டபம் ஒன்றே ஒன்றுதான். இரண்டு நாள் கழித்து லைட்டுக்காரர் வாய்விட்டார். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாராம், மடியில் இருந்த கேமரா நழுவிக் கீழே விழுந்ததாம், சுற்றியிருந்த நாலு பேர் சிரித்தார்களாம்.

அவர் சொல்லவில்லை. விசேஷத்தில் தூங்கி விழுந்த போட்டோக்காரன் என்று பெயர் ஒட்டிக்கொண்டால் சாகிற வரைக்கும் போகாது. அவளுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. சரிசெய்ய வேண்டியது கேமராவை. அதைத் திறந்து உள்ளே இருக்கும் சின்னக் கண்ணாடியை நிமிர்த்த நாலு நாள் ஆகும். அதுவோ நாளைக் காலையில் வேலைக்குப் போக வேண்டும். அதோடு, திறந்தால் 'இது விழுந்திருக்கே' என்று ஒரு வார்த்தை வாயில் வந்துவிடும். ஆகவே அவள் கேமராவைத் தொடாமல் லென்ஸ்களைத் திருத்தினாள். முன்னால் பிடிக்கிற கேமராவுக்குப் பின்னால் தள்ளுகிற லென்ஸ். கோணலும் கோணலும் சேர்ந்து நேராயிற்று. "சரியாயிடுச்சு" என்றாள். "நீ பாத்தா சரியாகாம என்ன" என்றார் அவர். பிறகு வாங்கிய இரண்டு லென்ஸுக்கும் வந்த அன்றைக்கே பன்னிரண்டு எழுதினாள். சீசன் முடியட்டும், கேமராவைத் திறந்துவிடலாம் என்று முதலில் நினைத்தாள். பிறகு நினைப்பதையும் விட்டுவிட்டாள்.

போன மாதம் பஸ் டிப்போவில் ஒரு டிரைவருக்கு ஓய்வு பெறும் விழா. கிளம்புகிற நேரத்தில் பழைய கேமராவின் ஷட்டர் உயிரை விட்டது. அவள் அன்றைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் யாரையும் கேட்காமல் கடைக்குப் போய், ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்த புதுக் கேமராவை வாங்கி, வீட்டு லென்ஸை மாட்டிக்கொண்டு நேராக டிப்போவுக்குப் போய்விட்டார். புதுக் கேமரா காட்டிய இடத்தை ஒழுங்காகப் பார்த்தது. லென்ஸ் பழக்க தோஷத்தில் நாலு விரல் பின்னால் தள்ளியது.

சாயங்காலம் வந்தவள் புதுக் கேமராவையும் அதில் மாட்டியிருந்த வீட்டு லென்ஸையும் பார்த்தாள். கேமராவின் முதுகில் இருக்கும் குட்டித் திரையில் எல்லாப் படமும் தெளிவாகத்தான் தெரியும். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல மனசு வரவில்லை. நாளைக்குச் சத்தமில்லாமல் எண்ணை மாற்றிவிடலாம் என்று படுத்தாள். அவர் விடிவதற்கு முன்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு ஒன்பது நாள் வெளியூர் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

திரும்பி வந்தவர் வேறு ஆளாக வந்தார். வெளியூர்க்காரர்கள் பெரிய திரையில் போட்டுப் பார்த்து, ஒரு முகமும் தேறவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் டிரைவரின் மகள் வந்தாள். கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் பெண், நாற்பது வயது இருக்கும். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, அப்பா தவறிட்டாரு. இன்னைக்கு அஞ்சாவது நாள்."

"யாரு, நம்ம டிரைவரா?" அவர் எழுந்துவிட்டார். "நல்லாத்தானேம்மா இருந்தாரு. அன்னைக்கு என்கிட்ட, வெயில்ல நிக்காதப்பா, நிழலுக்கு வான்னு சொன்னாரே."

"நல்லாத்தான் இருந்தாரு. காலைல எழுந்திரிச்சு, வேலைக்குப் போற ஞாபகத்துல சட்டையை மாட்டியிருக்காரு. அப்புறம் கட்டில்லயே உக்காந்துட்டாரு. அவ்வளவுதான்."

லென்ஸக்கா கையில் ஸ்க்ரூ டிரைவரோடு மேசைப் பக்கத்தில் நின்றிருந்தாள். உட்காரும்மா என்றாள். அந்தப் பெண் உட்காரவில்லை.

"வீட்டுல அவரோட ஒரு நல்ல படம் இல்லண்ணே. லைசென்ஸ்ல ஒண்ணு இருக்கு, அதுல திருடன் மாதிரி இருப்பாரு. நீங்க எடுத்ததுலதான் நல்லா இருப்பாரு. பெருசா ஒண்ணு போட்டுக் குடுங்க, மாட்டணும்."

அவர் கம்ப்யூட்டரில் படங்களைத் திறந்தார். டிரைவர் பஸ்ஸுக்கு முன்னால் நிற்கிறார். பெரிதாக்கினார். முகம் பனியில் பார்த்த மாதிரி இருந்தது. பின்னால் பஸ்ஸின் நம்பர் பலகையில் ஆணி தெரிந்தது. அடுத்த படம். முகம் கலங்கல், சட்டைக் காலருக்குப் பின்னால் பஸ் விளக்கின் விளிம்பு பளிச்சென்று இருந்தது. அடுத்தது. அதற்கும் அடுத்தது.

"கொஞ்சம் மங்கலா இருக்குல்ல?" என்றாள் அந்தப் பெண், கேட்பதற்கே சங்கடப்பட்டுக்கொண்டு.

அவர் மவுஸை விட்டுக் கையை எடுத்தார். இரண்டு கையையும் அவளுக்கு முன்னால் நீட்டினார்.

"இதுதாம்மா காரணம். கேமரா புதுசு, அதைக் குத்தம் சொல்ல முடியாது. லென்ஸு இவ பாத்தது, அதையும் சொல்ல முடியாது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையா நான் எதையும் சொல்லப்போறதில்ல. என் கை ஆடுது. கை கெட்டுப்போச்சு. இருபத்தெட்டு வருஷம் ஓடியாச்சு, உங்கப்பா விஷயத்துலயா இது நடக்கணும்."

"பரவாயில்லண்ணே. லைசென்ஸ் படத்தையே பெருசு பண்ணிக்கிறேன்."

அவள் படி இறங்குகிற சத்தம் கடைசிப் படி வரைக்கும் கேட்டது. லென்ஸக்கா ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைத்தாள். வாய் வரைக்கும் வந்தது. கூடம் கோணல்தாங்க, நான்தான் கோணலாக்கினேன் என்று ஒரு வாக்கியம். அது வெளியே வரவில்லை. இவ பாத்தது, அதைச் சொல்ல முடியாது என்று அவர் சொன்னதுதான் குறுக்கே நின்றது. அவள் போய் அரிசியைக் களைந்தாள்.

அடுத்த ஒரு வாரம் வீடு நோயாளி படுத்திருக்கும் வீடு மாதிரி இருந்தது. அவர் கண் டாக்டரிடம் போனார். கண்ணில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் கையைத் தவிர வேறு எதைச் சந்தேகப்படுவது? டம்ளர் நிறையத் தண்ணீரை எடுத்து நீட்டிப் பிடித்து, தண்ணீர் ஆடுகிறதா என்று பார்ப்பார். யாருடைய கையில் தண்ணீர் ஆடாது? பார்த்துவிட்டு டம்ளரை வைப்பார். அவள் எடுத்துக் கழுவிக் கவிழ்ப்பாள். மகள் போன் கடையில் வேலை பார்க்கிறவள், எதையும் பட்டென்று கேட்டுவிடுவாள். அவள்கூட அந்த வாரம் சாப்பிட்டதும் எழுந்து போய்விடுவாள்.

வியாழக்கிழமை சாப்பிடும்போது அவரே சொன்னார்.

"பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறானே, மொட்டையன், அவன் கூப்பிட்டுட்டே இருந்தான். வரேன்னு சொல்லிட்டேன். ஸ்டூலு ஒரே இடம், கேமராவும் ஒரே இடம். பட்டனை அமுக்கினாப் போதும். கை வேணாம்."

"உங்க கேமரா?"

"சனிக்கிழமை பையோட அவன்கிட்டயே குடுத்துடறேன். அவன் பையன் பழகட்டும்."

"அப்பா, விசேஷத்துக்கெல்லாம்?" என்றாள் மகள்.

"விசேஷத்துக்குக் கூப்பிட்டா சாப்பிடப் போவோம்" என்று சொல்லிவிட்டுத் தட்டிலேயே கை கழுவினார். அவர் தட்டில் கை கழுவுகிறவர் இல்லை.

அன்றைக்குத்தான் லென்ஸக்காவுக்கு உறைத்தது. எண்ணை மாற்றிவிடுவது பெரிய காரியமில்லை, ஐந்து லென்ஸுக்கும் சேர்த்து அரை மணி நேரம். மாற்றிவிட்டு, எடுத்துப் பாருங்க, கை சரியாயிடுச்சு என்று ஒரு பொய்யைச் சொல்லிவிடலாம் என்றுதான் ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவர்தான் கேமராவைத் தொடுவதாக இல்லையே. சொல்லாமல் சரிசெய்வது என்ற வழி ஏழு வருஷம் ஓடி அந்தச் சாப்பாட்டு மேசையில் வந்து முட்டி நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை நடுப்பகல். மகள் வேலைக்குப் போயிருந்தாள். அவர் ரொட்டி வாங்கிவரக் கீழே போயிருந்த நேரத்தில் லென்ஸக்கா கதவில் அட்டையை ஏற்றினாள். அவர் பையைத் திறந்து புதுக் கேமராவை ஸ்டாண்டில் வைத்தாள். டிப்போவுக்குப் போன லென்ஸை மாட்டி, கையால் தொடாமல் ஒயர் பட்டனால் எடுக்கத் தொடங்கினாள். ஆறாவது படத்தில் வாசல் கதவு திறந்தது.

"நடக்காதீங்க" என்றாள், திரும்பாமல்.

அவர் நின்றுவிட்டார். ஒரு கையில் ரொட்டி, ஒரு கையில் கழற்றிய செருப்பு. அந்தச் சட்டத்தை அவர் ஒருநாளும் மீறியதில்லை.

"யாரோடது?"

"நம்மளுது."

"அதை ஏன் எடுத்தே? நாளைக்குக் குடுக்கப்போறேன்னேன்ல."

"கொஞ்சம் இருங்க." ஏழு, எட்டு. கீழே பஸ் ஒன்று போனது. காத்திருந்து ஒன்பது, பத்து. "பத்துப் படம் எடுத்துட்டேன். கேமரா ஸ்டாண்டுல இருக்கு. உங்க கை அதுமேல இல்ல, என் கையும் இல்ல."

"சரி."

"பத்தும் பின்னால பிடிக்குது. ஒரே அளவு. நாலு விரல்."

"அப்போ புதுக் கேமராவும் கோளாறா?"

"கேமரா நேரா இருக்கு. லென்ஸுதான். எல்லா லென்ஸும்."

"எல்லாம் எப்படி ஒரே நாள்ல கெடும்?"

"ஒரே நாள்ல கெடல. ஏழு வருஷமா நான்தான் கெடுத்து வச்சிருக்கேன்." அவள் இப்போதும் திரும்பவில்லை. கதவு அட்டையையே பார்த்துக்கொண்டு பேசினாள். "பழைய கேமரா முன்னால பிடிச்சுது. அதைத் திறக்காம, லென்ஸையெல்லாம் அதுக்குத் தகுந்த மாதிரி பின்னால தள்ளி வச்சேன். அது இருந்த வரைக்கும் சரியா இருந்துச்சு. இப்ப அது போயிடுச்சு, லென்ஸு மட்டும் அப்படியே இருக்கு."

"ஏன் திறக்கல?"

"திறந்தா, விழுந்ததைப் பத்திப் பேசணும்."

செருப்பு கை மாறியதில் தரை லேசாக முனகியது.

"பச்சைத் தரை மண்டபம்" என்றாள் அவள்.

"யாரு சொன்னா?"

"மூலையில பெயிண்ட் ஒட்டியிருந்துச்சு. அப்புறம் லைட்டுக்காரரும் சொன்னாரு."

"சொல்லிட்டானா?" அவர் குரலில் முதன்முதலாக ஒரு உயிர் வந்தது. "ஏழு வருஷமா அவனைப் பாக்கும்போதெல்லாம் டீ வாங்கிக் குடுக்கிறேன், யார்கிட்டயும் சொல்லிடாதடான்னு."

"உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் நான் கேக்கல."

"சரி, அப்பக் கேக்கல. அதை நான் குத்தம் சொல்லமாட்டேன், நானும்தான் சொல்லல." ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அந்தப் பொண்ணு வந்தாளே. அவ முன்னால நான் கையை நீட்டினேன். கை கெட்டுப்போச்சுன்னு சொன்னேன். நீ பக்கத்துல நின்னுட்டு இருந்தே."

"ஆமா."

"கையில ஸ்க்ரூ டிரைவரோட நின்னே."

"ஆமாங்க."

"டம்ளர்ல தண்ணியை வச்சுக்கிட்டுப் பைத்தியக்காரன் மாதிரி பாத்துட்டு இருந்தேன். நீ அந்த டம்ளரைக் கழுவி வச்சே."

அவர் சத்தம் போட்டிருந்தால் அவளும் நாலு வார்த்தை பேசி அழுது தீர்த்திருப்பாள். அவர் சத்தம் போடவில்லை.

"நடக்கலாமா?" என்று கேட்டார்.

"நடங்க."

ரொட்டியைச் சமையலறையில் வைத்துவிட்டு, படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அட்டை அவள் பக்கம் பார்த்து நின்றது.

அவள் ஐந்து லென்ஸையும் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பன்னிரண்டை அழித்துப் பூஜ்யம் எழுதினாள். லென்ஸை நிமிர்த்தியாயிற்று, டிரைவரின் முகத்தை என்ன செய்வது? செத்த மனுஷனை மறுபடி பஸ்ஸுக்கு முன்னால் நிறுத்த முடியுமா? டிப்போ படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு படம். ஒவ்வொரு படத்திலும் கேமரா எந்த இடத்தைக் குறிவைத்தது என்பதற்கு ஒரு சின்னச் சிவப்புக் கட்டம் வரும்படி அவளிடம் ஒரு வசதி இருந்தது. டிரைவரின் படங்களிலெல்லாம் கட்டம் சரியாக அவர் கண் மேல்தான் விழுந்திருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. இந்தக் கையைத்தான் கெட்டுப்போச்சு என்று சொன்னார். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

மூக்கைச் சிந்திவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் அந்த யோசனை. கட்டம் விழுந்தவர் கலங்கல். சரி, கட்டம் விழுந்தவருக்குப் பின்னால் நின்றவர்? நாலு விரல் என்பது இந்த நடைவழியின் பதினான்கு அடியில். அதைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் அது ஒரு முழத்துக்குக் கிட்ட வரும். யாரையோ குறிவைத்து எடுத்த படத்தில், அந்த ஆளுக்கு ஒரு முழம் பின்னால் டிரைவர் நின்றிருந்தால் அவர்தான் தெளிவாக விழுந்திருப்பார். டிரைவரைக் குறிவைக்காத படங்களாகத் தேட ஆரம்பித்தாள். கண்டக்டர்கள் டீ குடிக்கும் படம், டிரைவர் அதில் இல்லை. டிப்போ மேனேஜர் மைக்கைப் பிடிக்கும் படம், டிரைவர் ரொம்பத் தள்ளி நிற்கிறார். மகள் வேலை முடிந்து வந்து பின்னால் நின்றாள். அம்மாவின் கண்ணைப் பார்த்து, சாத்திய கதவைப் பார்த்து, என்ன என்று கேட்டாள். லென்ஸக்கா சுருக்கமாகச் சொன்னாள், இரண்டாவது தடவை சொல்லும்போது வார்த்தை கொஞ்சம் சுலபமாக வந்தது.

"ஒரு மாமியாருக்காக அஞ்சு மருமகளையும் கோணலா வளச்சிருக்கே" என்றாள் மகள். "மாமியார் செத்ததுக்கப்புறம் மருமகளுங்க என்னம்மா பண்ணுவாங்க?" பதிலுக்குக் காத்திராமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "தள்ளு, நானும் பாக்கிறேன்."

இருநூற்று நாற்பத்தேழாவது படம். மேனேஜர் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்கிறார். சிவப்புக் கட்டம் அவர் மூக்கின் மேல். மேனேஜர் கலங்கல். அவர் தோளுக்குப் பின்னால் டிரைவர். லென்ஸக்கா பெரிதாக்கினாள். தாடையில் சவரத்துக்குத் தப்பிய இரண்டு வெள்ளை முடி தெரிந்தது. கண் ஓரத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிந்தது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. படத்துக்கு வெளியே வேறு யாரோ ஒரு பஸ்ஸைப் பின்னால் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். உதட்டைக் கடித்து, புருவத்தைச் சுளித்து, வலது கையைப் பாதி தூக்கி, ஸ்டியரிங்கை ஒடி, இன்னும் ஒடி என்று காட்டிக்கொண்டிருந்தார்.

மகள் சிரித்துவிட்டாள். சிரிப்புச் சத்தம் கேட்டுக் கதவு திறந்தது. அவர் வந்து இருவருக்கும் பின்னால் நின்றார். திரையைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதை நான் எடுக்கல" என்றார். "நான் மேனேஜரைத்தான் எடுத்தேன்."

"ஆமா. கட்டம் அவரு மூக்குலதான் இருக்கு" என்றாள் லென்ஸக்கா. "மத்ததையும் பாருங்க. எல்லாக் கட்டமும் இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு."

அவர் மவுஸை வாங்கி, நின்றபடியே ஒவ்வொரு படமாகத் தள்ளினார். கண் மேல் கட்டம், கண் மேல் கட்டம். இருபது படம் பார்த்ததும் நிறுத்தினார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று அவள் பார்க்கவில்லை, பயமாக இருந்தது.

"இதைப் பெருசாப் போட்டு எடு" என்றார். "நீயே கொண்டு போய்க் குடு. சொல்ல வேண்டியதையும் நீயே சொல்லு."

மறுநாள் காலை மருந்துக்கடையில் கூட்டம் இருந்தது. ஒரு கிழவருக்கு எந்த மாத்திரை காலையில், எந்த மாத்திரை ராத்திரி என்று மூன்று தடவை சொல்லி முடித்துவிட்டு, அந்தப் பெண் லென்ஸக்காவின் பக்கம் வந்தாள். லென்ஸக்கா உறையை நீட்டாமல் முதலில் விஷயத்தைச் சொன்னாள். பழைய கேமரா, பன்னிரண்டு, நாலு விரல். கடைசியில், "தப்பு அவரு கையில இல்ல, என் கையில" என்றாள்.

அந்தப் பெண் கவுண்டரில் கிடந்த மாத்திரை அட்டையைக் கத்தரியால் வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு நான் வந்தப்பவே உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"தெரியும்."

"அவரு பாவம், கையைக் கையை நீட்டினாரு."

"தெரியும்மா."

"எங்க வேலையில இப்படி ஒண்ணைச் செஞ்சிட்டுப் பேசாம நின்னா கடையை இழுத்து மூடிடுவாங்க. எங்கப்பா முகம் போனது போனதுதானே. இதுக்கு நான் என்ன சொல்லணும்னு எதிர்பாக்கறீங்க?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். அவரு கை நல்ல கைன்னு உனக்குத் தெரியணும். அதுக்குத்தான் வந்தேன். அப்புறம் இது." உறையை வைத்தாள். "இதுல உங்கப்பாவை யாரும் எடுக்கல. தானா விழுந்திருக்காரு. பிடிக்கலைன்னா தூக்கிப் போட்டுடு."

அந்தப் பெண் கத்தரியை வைத்துவிட்டுப் படத்தை உருவினாள். கடையில் அடுத்து நின்றவர் சீட்டை நீட்டினார், அவள் கவனிக்கவில்லை. அவள் உதடும் அதே மாதிரி கடிபட்டது.

"வீட்டுல நாங்க சைக்கிளை எடுத்தாக்கூட இப்படித்தான் நிப்பாரு" என்றாள் கடைசியில். "இடிச்சிடுவே, இடிச்சிடுவேன்னு. கல்யாணத்துக்குப் போனாலும் வண்டி நிறுத்தற இடத்துலதான் நிப்பாரு." கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். "யாரு பஸ்ஸை எடுத்தாங்களோ, கோணலா எடுத்திருக்காங்க."

"ஓரத்துல மேனேஜர் காது கொஞ்சம் வருது. வெட்டிடச் சொல்லவா?"

"வேணாம்க்கா, இருந்துட்டுப் போகட்டும். அவருக்கு அந்த மேனேஜரைப் பிடிக்காது. இனிமே தினமும் பக்கத்துலயே இருக்கட்டும்." படத்தை உறைக்குள் போட்டு, மாத்திரை டப்பாக்களுக்கு மேல் இருந்த தட்டில் பத்திரமாக வைத்தாள். லென்ஸக்காவைப் பார்க்காமல், "அண்ணன்கிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்றாள். அவரை மட்டும்தான் கேட்டாள். அது போதும் என்று லென்ஸக்காவும் எடுத்துக்கொண்டாள்.

வீட்டுப் படி ஏறும்போது அவள் கால் வலித்தது. இன்றைக்குச் சனிக்கிழமை, பை மொட்டையன் கடைக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக் கதவைத் திறந்தாள்.

"நடக்காதே" என்றார் அவர்.

நின்றுவிட்டாள். படுக்கையறைக் கதவில் அட்டை ஏறியிருந்தது. ஸ்டாண்டு சுவரில் மடக்கிச் சாய்த்திருந்தது. சமையலறை வாசலில் அவர் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, முழங்கைகளை விலாவில் ஒட்டி, காலை அகட்டி நின்றார். மூச்சை விட்டார், அழுத்தினார். மறுபடி மூச்சு, மறுபடி ஒன்று. அவள் செருப்பைக் கையில் பிடித்தபடி எண்ணிக்கொண்டு நின்றாள். குக்கரில் சோறு குழைந்துகொண்டிருந்தது, இருவரும் அசையவில்லை. பஸ் ஒன்று போனது, அவர் காத்திருந்தார். பத்து முடிந்ததும் போய்க் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். அவளைக் கூப்பிடவில்லை.

"ஒன்பது சரியா இருக்கு" என்றார்.

"பத்தாவது?" அவள் வாசலிலிருந்தே கேட்டாள். "லென்ஸைக் கொண்டாங்க, இன்னொரு தடவை பாத்துடறேன்."

"வேணாம். பத்தாவது என் கை ஆடினது." அவர் கேமராவைப் பைக்குள் வைத்து, பையைத் தன் நாற்காலிக்குக் கீழே தள்ளினார். "அது என்னோட தப்பு. அதைச் சரி பண்ணாதே, அப்படியே விட்டுடு."

அவள் செருப்பைக் கீழே வைத்தாள்.

"நடக்கலாமா?" என்று கேட்டாள்.

"வா" என்றார். "சோறு குழைஞ்சிருக்கும்."